புகைக்கு எச்சில் இல்லை

முதல் இழுப்பை நீங்கள் இழுக்காதீர்கள். மாடிக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான். மீதியெல்லாம் இதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்வது.

ஹூக்காவில் பழ வாசனைப் புகையிலையை நிரப்பி, மேலே கரிக் கங்கு வைத்ததும் புகை தானாக வந்துவிடாது. யாராவது ஒருவர் குழாயில் வாய் வைத்து, நெஞ்சு நிறைய நாலைந்து முறை இழுத்துவிட வேண்டும். வெள்ளைப் புகை திரண்டு வந்த பிறகுதான் அதை மேசைக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் கடையில் இழுத்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் ஏழுமலை. திரும்பி வந்ததைக் கழுவி வைத்தவள் நான். அவருக்கு இன்னும் முதல் வருஷத் திதி வரவில்லை.

எனக்கு இருபத்தைந்து வயது. ஏழாவதோடு நின்றவள். வேலையை விட்டு உட்கார்ந்து புத்தி சொல்கிற வயது இல்லை. ஆனால் இந்த ஊரில் இந்த வேலையே புதிது. எனக்கு முன்னால் இதைச் செய்து ஓய்ந்தவர் என்று யாரும் கிடையாது. அதனால் நான்தான் உங்களுக்குப் பெரியவள்.

கடையின் பெயர் வேண்டாம். செங்கம் ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதைக்குத் திரும்புகிற பக்கம், ஒரு லாட்ஜின் மொட்டை மாடி. நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. பனிக்காலத்தில் வரும் வெள்ளைக்காரர்கள் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து இழுப்பார்கள். பேச்சே இருக்காது. கீழே பூக்கட்டும் அம்மா அண்ணாந்து பார்த்து, "இன்னாடி, மாடில சாம்பிராணி போட்டு பேய் ஓட்றீங்களா?" என்று கேட்கும். அப்படித்தான் இருந்தது ஆரம்பம். பிறகு சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள். அவர்களைப் பார்த்து நம் ஊர்க் காலேஜ் பையன்கள். காலேஜ் பையன்களைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். யூனிபார்ம் சட்டையை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருத்தனுக்குப் பிறந்தநாள் என்பார்கள். பரீட்சை முடிந்தது என்பார்கள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

பெண் பிள்ளைகளும் வந்தார்கள். எனக்கு அது முதலில் அதிசயமாக இருந்தது. யோசித்தால் அதிசயமில்லை. பீடி, சிகரெட் என்றால் வீட்டில் செருப்பு பறக்கும். இதற்கு வீட்டில் பேரே தெரியாது. பேர் தெரியாத ஒன்றை எந்த அம்மா வேண்டாம் என்று சொல்வாள்? துணியை மோந்து பார்த்தாலும் பழ வாசனைதான் அடிக்கும்.

"யக்கா, இன்னைக்கு திராட்சை இருக்கா, ஆப்பிளா?"

"பழம் வேணும்னா மார்க்கெட்டுக்குப் போங்க, இங்க ஏன் வர்றீங்க?" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பையும் மறைக்கப் போவதில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் ஏழெட்டு வயதுதான் வித்தியாசம். அவர்கள் வந்தால் மாடி கலகலவென்று இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் வர ஆரம்பித்ததும் முதலாளி ஒரு வேலை செய்தார். கொட்டகையின் ஒரு மூலையைச் சுற்றி நீலத் தார்பாய் கட்டி அறை மாதிரி ஆக்கினார். தெருவில் போகிற மாமனோ வாத்தியாரோ பார்த்துவிடக் கூடாதல்லவா. உள்ளே ஒரு விளக்கு, ஒரு பாய், ஆறு பேர், ஒரு ஹூக்கா. காற்று புகாது. என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் குந்தி, முதல் இழுப்பை இழுத்துக் கொடுத்துவிட்டு, கங்கு தணியும்போதெல்லாம் அங்கேயே இருந்து மாற்றுவார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். புகையை வளையம் வளையமாக விட்டுக் காட்டுவார்.

அந்தக் கூட்டத்தில் ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பெண் இருந்தாள். அவள் பெயரை அப்போதும் வெளியே சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். ரெட்டை ஜடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வீட்டில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துப் பையன் வாயிலிருந்து எடுத்த குழாயை வாங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாம்மா, ஆச்சாரம் டம்ளருக்கு மட்டுந்தானா?"

"தண்ணிக்குத்தான்க்கா எச்சி. புகைக்கு ஏது எச்சி?"

அந்தப் பையன் விடவில்லை. "நெருப்பு பட்டா எல்லாம் சுத்தம்க்கா. கோயில்ல ஒரே கற்பூரத்த எத்தினி பேரு கண்ல ஒத்திக்கிறாங்க? யார்னா எச்சின்னு சொல்றாங்களா?"

"கற்பூரத்த எவன்டா வாய்ல வச்சான்?" என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் பாயில் உருண்டு சிரித்தார்கள்.

ஆனால் அவன் சொன்னதை நானும் பாதி நம்பினேன். நம் எல்லோருக்குள்ளும் அந்த எண்ணம் இருக்கிறது. ஈரத்தைப் பார்த்தால் விலகுவோம். நெருப்பையும் புகையையும் பார்த்தால் கும்பிடுவோம்.

பௌர்ணமிதான் அவர்களுக்குத் திருவிழா. அன்றைக்குச் சாயந்திரம் கிரிவலம் போகிறேன் என்று சொன்னால் எந்த வீட்டிலும் மறு கேள்வி கிடையாது. "அண்ணாமலையார் பேரச் சொன்னா எங்கம்மா புளிசாதம் கட்டிக் குடுக்கும்க்கா" என்று ரெட்டை ஜடையே சொல்லியிருக்கிறாள். மாடியில் உட்கார்ந்து இழுப்பார்கள். புளிசாதத்தை எங்களுக்கும் கொடுப்பார்கள். கிளம்பும்போது பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கூட்டத்தோடு கலந்துவிடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. போகவில்லை. சாயந்திரமானால் உடம்பு காயும். பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார்.

"கரிப் புகைடா, ஏழுமலை" என்றார் முதலாளி. "பனங்கல்கண்டு வாய்ல போட்டுக்கோ."

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். புகையில் வேலை செய்கிறவன் இருமாமல் யார் இருமுவார்கள்? இதைக் கவனியுங்கள். இந்த வேலையில் இருமலுக்குக் காரணம் தயாராக இருக்கும். அதனால் வேறு காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

நான்தான் வலுக்கட்டாயமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சளி பரிசோதித்தார்கள். டிபி என்றார்கள். மாத்திரை கொடுக்கும் அக்கா ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம் என்றார். பிறகு, "எங்க வேலை?" என்று கேட்டார்.

"மாடிலம்மா. நல்லா காத்து வர்ற எடம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"தார்பாய் கட்டின ரூம்ங்க" என்றேன். "காத்தே வராது. உள்ள ஆறு பேரு, ஏழு பேரு ஒரே குழாய்ல வாய் வச்சி இழுப்பாங்க. மொதல்ல இவரு இழுத்துத்தான் குடுப்பாரு."

அந்த அக்கா கையிலிருந்த மாத்திரைப் பட்டையைக் கீழே வைத்துவிட்டார். எல்லோரும் எச்சிலால் வருகிறது என்று நினைக்கிறார்கள், ஒரே சொம்பில் தண்ணீர் குடிப்பதால் இது வராது, காற்றில் வருகிறது என்று சொன்னார். இந்த நோயுள்ளவர் அடைத்த அறையில் இருமினால், கூட உட்கார்ந்து அந்தக் காற்றை இழுக்கிறவர்களுக்கு வரும். "நீ சொல்ற அந்த ரூமு, அந்தக் கொழா, ரெண்டுமே பயந்தான்மா. அங்க வர்றதுல யார்னா இருமிக்கினு இருக்காங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன பௌர்ணமிக்கு ரெட்டை ஜடை சிரிக்கும்போதெல்லாம் இருமினாள். கன்னம் ஒட்டியிருந்தது. படிக்கிற பிள்ளை, பரீட்சைக்குக் கண் விழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "இத வெளிய வுட்டன்னா போலீஸ் வரும், கட மூடிடும். உனுக்கும் சோறு இல்ல, அவனுக்கும் இல்ல. எதோ சளி. அதது வூட்டுல பாத்துக்கும்."

என் வீட்டுக்காரரும் தடுத்தார். அவர் பயம் வேறு. "வேணாம்மே. அந்தப் பொண்ணு இங்க வந்து போச்சுன்னு தெரிஞ்சா அவுங்க வூட்டுல அதோட படிப்ப நிறுத்திடுவாங்க. எவன் கைலயாச்சும் புடிச்சிக் குடுத்துடுவாங்க."

அது பொய்யில்லை. அவளே சொல்லியிருக்கிறாள், அவள் அக்காவை ஒரு பையனோடு பஸ்ஸில் பார்த்ததற்கே அப்படித்தான் செய்தார்களாம். சொன்னால் படிப்பு போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். நடுவில் நான்.

அடுத்த பௌர்ணமிக்கு அவளுக்காகக் காத்திருந்தேன். அவளிடமே சொல்லிவிடலாம் என்று. மற்றவர்கள் வந்தார்கள், அவள் வரவில்லை. "அவளுக்கு ரொம்ப நாளா சளிக்கா. வீட்டுல கஷாயம் வச்சித் தர்றாங்க. ஸ்கூலுக்கே வர்றதில்ல" என்றான் கற்பூரப் பையன். அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன் கையில் இருந்த குழாயை மெல்லக் கீழே வைத்தான். நீங்களும் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு போனார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அவள் வீடு வேங்கிக்காலில் எந்தத் தெரு என்று அன்றைக்கே அவனிடம் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் பகலில் பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அந்த அம்மா பிள்ளையை அடிப்பாளே தவிர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நாளாகும். வெறுமனே டிபி பாருங்கள் என்றால், நீ யாரடி என்பாள். அவளுக்குச் சட்டென்று புரிகிற, சட்டென்று பயப்படுகிற ஒன்று வேண்டும். கலெக்டர் ஆபீஸ் தாண்டி இறங்கும்போது அது கிடைத்தது.

புது வீடு. வாசலில் கோலம். அந்த அம்மா கதவைத் திறந்து, என் புடவையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா வேணும்?" என்றார். பின்னால் ரெட்டை ஜடை எட்டிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் போய்விட்டது. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கிரிவலப் பாதைல பௌர்ணமிக்குத் தண்ணி குடுக்கறவங்க" என்றேன். "ஒங்க பொண்ணு எங்க பந்தல்ல தண்ணி குடிச்சிது. அது, எங்க வூட்டுக்காரரு வாய் வச்ச சொம்புங்க. இப்ப அவருக்கு டிபின்னு சொல்லிட்டாங்க. அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

"எங்க பொண்ணு எங்கயும் வாய் வச்சிக் குடிக்காது."

"தாகத்துல வச்சிடுச்சுங்க."

"வூடு எப்டித் தெரியும் ஒனக்கு?"

"வேங்கிக்கால்னு பேச்சுவாக்குல சொல்லிச்சு. ரெட்ட ஜட, இருமல்னு கேட்டுக்கினே வந்தேங்க."

அந்த அம்மா திரும்பிப் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தார். "எத்தினி வாட்டி சொல்லிருக்கேன், கண்ட எடத்துல வாய் வைக்காதன்னு! வச்சியா? சொல்லு, வச்சியா?"

ரெட்டை ஜடை என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடித் திறந்தேன்.

"வச்சேம்மா" என்றாள். இருமல் வந்துவிட்டது. அந்த இருமலை நின்று கேட்ட பிறகு அந்த அம்மாவின் கை இறங்கிவிட்டது. கோபம் என் பக்கம் திரும்பியது.

"சீக்காளிய வூட்ல வச்சிக்கினு ஊருக்கே தண்ணி ஊத்தறியா? புண்ணியம் கேக்குதா ஒனக்கு? நீ நல்லா இருப்பியா?"

"இருக்க மாட்டேங்க" என்றேன். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க. மாத்திரை சும்மாதான் குடுக்கறாங்க. ஆறு மாசம் விடாம குடுங்க."

தெருவில் நாலு வீடு தாண்டியிருப்பேன். பின்னால் சளார் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், நான் நின்ற இடத்தில் அந்த அம்மா ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறார். எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு பயந்தவர் நாளைக்குக் கட்டாயம் போவார் என்று நினைத்துக்கொண்டேன். போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். என்னைக் கண்டதும் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். அவளுக்கும் அதே நோய்தான். ஆரம்பத்திலேயே கூட்டி வந்தது நல்லது என்றார்களாம். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்தார்கள். படிப்பு நிற்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாத்திரை கொடுக்கும் அக்காவிடம் நான் ஒரு சொல்லைக்கூட மறைக்கவில்லை. முழு உண்மை வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு வேண்டும். அந்த அம்மாவுக்கு வேண்டியது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு காரணம். நான் சொன்ன காரணம் பொய் என்று எனக்குத் தெரியும். சொம்பில் அது வராது. ஆனால் அந்த வீட்டில் எச்சில் என்றால் ஓடுவார்கள், புகை என்றால் பிள்ளையை அடைத்து வைப்பார்கள்.

வேங்கிக்காலிலிருந்து திரும்பியதும் நேராக மாடி ஏறினேன். வெங்காயம் நறுக்குகிற கத்தியை எடுத்துத் தார்பாய்க் கயிறுகளை அறுத்தேன். மலைப் பக்கத்திலிருந்து காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னாடி காரியம் பண்ட்ட?" என்று முதலாளி ஓடிவந்தார்.

"காத்து வரட்டுங்க."

அன்றோடு எங்கள் ரெண்டு பேருக்கும் வேலை போனது. அறை போனதால் பள்ளிப் பிள்ளைகளும் வருவது நின்றது. வேறு மாடிக்குப் போயிருப்பார்கள். அந்த மாதிரி மாடிகளில்தான் இப்போது நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள்.

என் வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிட்டார். இரண்டு மாதத்தில் தேறினார். இருமல் நின்றது, பசி எடுத்தது. தேறியதுதான் வினை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று விட்டுவிட்டார். "நல்லாத்தானமே கீறேன்" என்பார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வருகிற சமயம் இன்னொரு கடைக்காரர் கூப்பிட்டார். இழுத்துக் கொடுக்க இவரை மாதிரி ஆள் இல்லை என்றாராம். அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. போனார். நோய் திரும்பி வந்தபோது பழைய மாத்திரைக்கு அடங்கவில்லை. வெயில் காலத்தில் ஒருநாள் காலையில், ரத்தமாக இருமி, என் மடியிலேயே போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். ஊராரின் பிள்ளையை மாத்திரை சாப்பிட வைத்தேன், என் புருஷனை வைக்க முடியவில்லை. இதில் என்ன பாடம் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. முதல் இழுப்பு வேண்டாம், தார்பாய் அறை வேண்டாம், இருமினால் கரி மேல் பழி போட வேண்டாம், மாத்திரையைப் பாதியில் விட வேண்டாம். இவ்வளவுதான் தெரியும்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அடி அண்ணாமலையில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். இப்போதுதான் குடித்தோம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் குழந்தைகளை எங்கள் வீட்டுக்குள் விட மாட்டார்கள். அவர் போய் எத்தனையோ மாதம் கழித்தும் அப்படியேதான் இருந்தது.

போன பௌர்ணமிக்குப் பகலில் வாசலில் நிழல் தெரிந்தது. ரெட்டை ஜடை. இப்போது ஒற்றைப் பின்னல். கன்னம் நிறைந்திருந்தது. மாத்திரை முழுசும் முடித்துவிட்டாளாம். காலேஜ் சேர்ந்துவிட்டாளாம். கிரிவலம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

"நெசமாவே போறியா, இல்ல..." என்றேன்.

"நெசமாவேதான்க்கா. இந்த வாட்டி சுத்தத்தான் போறேன்." சுவரில் இருந்த என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தாள். பிறகு, "எங்கம்மா இன்னும் ஒன்ன தண்ணிப் பந்தல்காரின்னுதான் நெனச்சிக்கினு இருக்கு. இன்னைக்குக் கூட சொல்லி அனுப்பிச்சு, பந்தல்ல எதுவும் குடிக்காத, அந்தப் பாவிப் பொம்பள இருப்பான்னு."

"சொல்லட்டும். நல்லதுதான்."

"தண்ணி குடுக்கா" என்றாள்.

பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். வாங்கினாள். பழக்கத்தில் கை தானாக மேலே போனது, தலை அண்ணாந்தது. பாதியில் நின்றாள். டம்ளரைக் கீழே இறக்கி, உதட்டில் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். தரையில் வைத்தாள்.

அவள் போய்க் கூட்டத்தில் கலந்த பிறகு டம்ளரை எடுத்தேன். யார் குடித்தாலும் வெந்நீரில் கழுவித்தான் வைப்பேன், அந்த வேலையில் வந்த பழக்கம் அது. அன்றைக்கும் கழுவினேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு.